அம்மாவின் மூட்டு மாற்று: காப்பீட்டு முன் அனுமதிக் கோரிக்கை திரும்பி வந்துவிட்டது

கேள்வி: அம்மா ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து நின்றுதான் ஏறுகிறார். வலது முழங்காலை மாற்ற டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டில் 'மற்ற சிகிச்சை முயன்றதற்கு ஆதாரம் இல்லை' என்று மறுத்துவிட்டார்கள். எக்ஸ்ரே வைத்தேனே, போதாதா?

பதில் 1: எப்படி எடுத்த எக்ஸ்ரே? படுத்தபடி எடுத்தால் மூட்டு இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தெரியலாம். நின்றபடி எடுங்கள். தேய்மானம் 0 முதல் 4 வரை எந்த நிலை என்றும் எழுதி வாங்குங்கள், 4தான் கடுமையானது. அப்புறம் மற்ற சிகிச்சைக்கு ஆதாரமாகப் பிஸியோதெரபி போன தேதிகள், மாத்திரைச் சீட்டு, ஊசி போட்ட குறிப்பு. 'கடும் வலி' என்று மட்டும் எழுதிய கடிதம் அவர்களை அசைக்காது. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, கால் எவ்வளவு மடங்குகிறது என்று டாக்டர் எழுத வேண்டும்.

பதில் 2: பாலிசியில் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த புதிதில் சில சிகிச்சைகளுக்குப் பணம் தராத காலம்) முடிந்ததா என்றும் பாருங்கள். ஆபரேஷன் முடிந்ததும் பொருத்திய செயற்கை மூட்டின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் கோப்பு அந்தத் துண்டுச் சீட்டுக்காகவே 3 வாரம் நின்றது.

கேட்டவர்: படுத்துதான் எடுத்தோம்! பிஸியோ சீட்டுகள் அம்மாவின் பழைய கைப்பையில் இருந்தன, கசங்கிப்போய். தேதி தெரிகிறது. நாளை மறுபடி எக்ஸ்ரே.