புதுப்பிப்பு: கார்டில் போன 18,400 ரூபாய்

மூணு வாரம் முன்னாடி எழுதியிருந்தேனே, காவேரிப்பட்டினம் மண்டியில மாங்காய் லோடு ஏத்திட்டு இருந்தப்போ, ஓடிபி கேக்காமலே ஏதோ வெளிநாட்டுத் தளத்துல 18,400 ரூபாய் போச்சுன்னு. அந்தப் பணம் நேத்து கணக்குல தற்காலிக வரவா ஏறிடுச்சு. விசாரணை இன்னும் முடியல.

காப்பாத்தினது வேகம்தான். மெசேஜ் வந்த பத்தாவது நிமிஷம் கார்டை பிளாக் பண்ணி, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் போன் போட்டேன். நம்ம தப்பு இல்லாம வெளியாள் திருடியிருந்து, மூணு வேலை நாளுக்குள்ள பேங்குக்குச் சொல்லிட்டா நமக்கு இழப்பே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2017-ல சுற்றறிக்கை விட்டிருந்துச்சு. புகார் எண்ணை மட்டும் விட்டுடாதீங்க, அதைக் கேட்டு வாங்குங்க.

புதுக் கார்டு வந்ததும் ஆப்ல வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைச்சேன். ஆன்லைன் வரம்பு இப்போ 5,000 ரூபாய். தங்கச்சி கார்டுக்கும் இன்னைக்கு ராத்திரியே மாத்தணும்.