இதய சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சைக் குறைக்க முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும்?

சாட்ஸ்வொர்த் மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 58. மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைப்பதாகச் சொன்னதால், இதயத் தமனிகளைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தாத்தாவும் மாமாவும் 60 வயதுக்குள் மாரடைப்பால் காலமானவர்கள் என்பதால், பரிசோதனையைத் தவிர்க்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐசோடோப்பு (கதிரியக்கப் பொருள்) ஊசி போட்டு எடுத்த இதய ஸ்கேனில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கேட்டதற்கு, 'பயப்பட ஒன்றுமில்லை' என்பதற்கு மேல் எவரும் பதில் சொல்லவில்லை. அம்மாவின் மனத்தில் அந்தக் கவலை இன்னும் இருக்கிறது.

கதிர்ப்படப் பிரிவு ஊழியர், டர்பன்:
வணக்கம் சகோதரி. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நம் ஒவ்வொருவர் மீதும் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இதய சி.டி.யின் பழைய முறையில், துடிப்பின் எல்லா நிலைகளிலும் கதிர் பாய்ந்துகொண்டே இருப்பதால் அளவு 10 முதல் 20 மில்லிசீவர்ட் வரை போவதுண்டு. ஈ.சி.ஜி.யைப் பின்தொடர்ந்து, இதயம் ஓய்ந்திருக்கும் கணத்தில் மட்டும் கதிரைத் திறக்கும் முறையில் அது பெரும்பாலும் 5-க்குக் கீழே வந்துவிடும். 'எந்த முறையில் எடுப்பீர்கள்?' என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அந்த முறைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 65-க்குள், முடிந்தால் 60-க்குள், சீராக இருக்க வேண்டும். சென்ற வாரம் ஓர் அம்மையார் 84 துடிப்போடு, கை நடுங்க வந்து அமர்ந்தார். மருத்துவர் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலால் மாத்திரை கொடுத்து, விளக்கைக் குறைத்த அறையில் ஒரு மணி நேரம் படுக்க வைத்த பிறகு, திரையில் 58 என்று வந்தது. ஒரே முறையில் படம் தெளிவாகக் கிடைத்துவிட்டது. எனவே அன்று காலை காப்பி, தேநீர் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் அந்த மாத்திரைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சை அடக்கி வைக்க வீட்டிலேயே பழகட்டும், ஏனெனில் நடுவில் மூச்சு விட்டால் மறுபடியும் எடுக்க நேரிடலாம். தாயார் ஒல்லியானவரென்றால் எக்ஸ்-கதிர்க் குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100-க்குக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கதிர் மிச்சமாகும்.

ஓய்வுபெற்ற செவிலி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
மகளே, பழைய ஊசியைப் பற்றிய கவலையை அம்மா விட்டுவிடலாம். பெரும்பாலும் அது டெக்னீசியம் என்ற ஐசோடோப்பாக இருந்திருக்கும். அதன் மூலப்பொருளான மாலிப்டினம் நம் நாட்டிலேயே, பெலிண்டாபாவிலுள்ள சஃபாரி-1 அணுஉலையில் உருவாக்கப்படுகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டெக்னீசியம் பாதியாகக் குறைவதால், மறுநாளே பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். உடலில் இன்று அது இல்லை. அந்த ஸ்கேனில் பட்ட அளவு பொதுவாக 10 மில்லிசீவர்ட்டை ஒட்டியிருக்கும். ஊசியில் தாலியம் என்ற வேறு ஐசோடோப்பு இருந்திருந்தால் அதைவிடக் கூடுதல். இனி ஒருமுறை அந்த ஸ்கேன் தேவைப்பட்டால், உழைப்புக்குப் பின் எடுக்கும் படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அது நன்றாக இருந்தால் ஓய்வுநிலைப் படமே வேண்டியிராது.

பழைய குறுந்தகட்டையும் அறிக்கையையும் கட்டாயம் கொண்டு போங்கள். முந்தைய படம் கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுபடியும் ஸ்கேன் எடுக்கப்பட்டதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் மகள்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ஸ்கேன் முடிந்தது. 79-இல் தொடங்கிய துடிப்பு மாத்திரைக்குப் பின் 61-க்கு இறங்கியது, ஈ.சி.ஜி.யைப் பார்த்து எடுக்கும் முறையிலேயே, 100 கிலோவோல்ட்டில் எடுத்தார்கள். கதிர் அளவு அச்சிட்ட தாளைக் கேட்டபோது தயங்காமல் கொடுத்தார்கள். பழைய குறுந்தகட்டோடு அதையும் ஒரே உறையில் வைத்து, வெளியே அம்மாவின் பெயரையும் தேதியையும் எழுதியிருக்கிறேன்.