காண்ட்ராவில் ஆளுக்கு ஒட்டாத நடனம்: உங்களுக்கு நடந்தது என்ன?

மாலைத்தென்றல்:
ஜோடிகள் எதிரெதிரே நீள வரிசையாக நின்று ஆடும் காண்ட்ரா நடனத்தில், அடுத்த அசைவு என்ன என்று மைக்கில் சொல்லும் காலிங்கை நான் ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மாசசூசெட்ஸில் ஒரு சின்ன ஊர், சனிக்கிழமை நடனம். ஒரே வரிசை, 10 ஜோடி, பாதிப் பேர் புதியவர்கள். இடைவேளைக்கு முன்னால் கோரஸ் ஜிக் என்ற பழைய நடனத்தை வைத்தேன். எனக்கு அது உயிர். பார்ட்னரையும் மூலையில் நிற்பவர்களையும் மாறி மாறிக் கைபிடித்துச் சுற்றும் காண்ட்ரா கார்னர்ஸ் முடித்து, பார்ட்னரிடம் வந்து கைபிடித்து முன்னும் பின்னும் அசையும் பேலன்ஸ் போடும் அந்த இடத்துக்காகவே ஆட வந்தவள் நான். ஆனால் அது ஒன்றாம் ஜோடியின், அதாவது வரிசையில் கீழ்நோக்கி நகரும் ஜோடியின், நடனம் என்பது உங்களுக்கே தெரியும். வெளியே இறங்குவது, நடுவே இறங்குவது, ஒருவரையொருவர் அணைத்துப் பிடித்துச் சுழலும் ஸ்விங் எல்லாம் அவர்களுக்கு. மேல்நோக்கி நகரும் இரண்டாம் ஜோடி கை கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

வரிசையின் கடைசியில் எழுபது வயது மதிக்கத்தக்க தம்பதி, முதல்முறை வந்தவர்கள். சுற்றுக்கு ஓர் இடமாக ஏறி, 9 சுற்றில் உச்சிக்கு வந்தார்கள். உச்சியில் ஒரு சுற்று நின்ற பிறகுதான் ஒன்றாம் ஜோடியாக மாறலாம் என்பதால், பத்தாவதில் ஆடாமல் காத்து நின்றார்கள். அது முடியும்போது அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார். இசை நின்றது. ஐந்து நிமிடம் தாண்டிவிடுமே என்று நான்தான் ஏழாவது சுற்று முடிவில், இன்னும் மூன்று சுற்று போதும் என்று பேண்டுக்கு மூன்று விரல் காட்டியிருந்தேன். வரிசையை எண்ணவில்லை. அவர் அந்தக் காலை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை.

விருதை மகள்:
எங்கள் கதை வேறு. விருதுநகரிலிருந்து அம்மா வந்திருந்தார். "எல்லாரும் வரலாம், பழக்கம் தேவையில்லை" என்று நோட்டீஸில் பார்த்துக் கூட்டிப்போனேன். இரண்டாவது நடனத்திலேயே நெய்பருடன், அதாவது எதிர்ப்படும் ஜோடியில் ஒருவருடன், வலது தோள் சுற்று, அப்புறம் அவருடனே ஸ்விங். முன்பின் தெரியாத ஒருவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே சுற்ற, அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சுற்றினார். ஸ்விங்குக்கு அவர் கை நீட்டியதும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராக நாற்காலிக்குப் போய்விட்டார். பாவம், அந்த மனிதர் நடு வரிசையில் தனியாக நின்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கடைசியில் ஒரு வட்ட நடனம் வைத்தார்கள். கைகோத்து இடப்பக்கம் எட்டு அடி, வலப்பக்கம் எட்டு அடி, உள்ளே போய்த் திரும்புவது, அவ்வளவுதான். "கும்மி மாதிரில்ல இருக்கு" என்று அம்மா தானாகவே எழுந்து போனார். அதை முதலில் வைத்திருக்கக் கூடாதா?

கோந்து:
எல்லாரும் புதியவர்கள் பக்கமே பேசுகிறீர்கள். "பழகியவர்களுக்கு மட்டும்" என்ற நடனத்துக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். எல்லாம் சாதாரண நடனங்கள், ஒவ்வொன்றுக்கும் இசை இல்லாமல் நடந்து பழகும் வாக்த்ரூ பத்து நிமிடம். ஒன்பது மணிகூட ஆகவில்லை, என் எதிரில் ஆடிய பெண் பெஞ்சில் உட்கார்ந்து பனிக்கால பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

நியூஹாம்ப்ஷயர்காரன்:
மாலை, பழைய நடனம் என்றாலே புதியவர்களுக்கு ஆகாது என்ற தொனியை நான் ஏற்க மாட்டேன். பேர்பெற்ற காலர் ரால்ஃப் பேஜின் ஊர்ப்பக்கமான நெல்சனில், திங்கட்கிழமை நடனத்தில் பழகியவன் நான். இரண்டாம் ஜோடியாக வெறுமனே நின்றபோது ஒரு பாட்டி என் மணிக்கட்டை அழுத்தி, "வருகிறவரைச் சரியான தாளத்தில் திருப்பி அனுப்புவது நம் வேலை" என்றார். அதன்பின் நான் சும்மா நின்றதில்லை.

சரி, இனி இப்படிச் செய்யுங்கள். முதலில் எண்ணுங்கள். 10 ஜோடி என்றால் கடைசி ஜோடி பதினொன்றாம் சுற்றில்தான் ஒன்றாம் ஜோடியாக உள்ளே வரும். அவர்கள் கொஞ்சமாவது ஆட 15 சுற்று வேண்டும். சுற்றுக்கு 64 தாளம், அரை நிமிடத்துக்குச் சற்று மேல். ஆக எட்டு நிமிடம். அவ்வளவு ஓட்ட முடியாதென்றால் ஆறும் நாலுமாக வரிசையைப் பிரியுங்கள். இடைவேளைக்கு முந்தைய நடனத்தில் எல்லாருக்கும் தன் பார்ட்னருடன் ஸ்விங் இருக்க வேண்டும். கோரஸ் ஜிக்கை அங்கே வைக்காதீர்கள். அதற்கு முன்னால் இரண்டு ஜோடியும் சமமாக ஆடும் நடனம் ஒன்றை வைத்தால், அப்புறம் நிற்பது பெரிதாகத் தெரியாது. "முதலில் உதவுவீர்கள், பிறகு உங்கள் முறை வரும்" என்று மைக்கில் சொல்லிவிடுங்கள். சொன்னால் வாக்கைக் காப்பாற்ற வேண்டும்.

விருதை மகளுக்கு: கண்ணைப் பார்க்கக் கூச்சமென்றால் காதைப் பார்க்கலாம். ஸ்விங்குக்குப் பதில் இரு கை பிடித்துச் சுற்றலாம் என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அம்மாவிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

விருதை மகள்:
அண்ணா, எனக்கே அது இரண்டாவது தடவை. நான் எதைச் சொல்ல? சேலை கட்டி ஒரு அம்மா வரிசையில் நிற்பது மேடையிலிருந்து தெரியாமலா இருக்கும்?

மாலைத்தென்றல்:
எண்ணாமல் விட்டது என் தப்புதான் அண்ணா. இப்போதெல்லாம் நடன அட்டையின் மூலையில் ஜோடிக் கணக்கைப் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறேன். அந்தத் தம்பதி வந்தால் வரிசையின் உச்சியில் நிற்கச் சொல்ல வேண்டும் என்று கோரஸ் ஜிக் அட்டையைப் பையிலேயே வைத்திருக்கிறேன். அதற்குப்பின் மூன்று சனிக்கிழமை நடனம் நடந்துவிட்டது. அவர்கள் இன்னும் வரவில்லை.