காலி டிரெய்லருக்கும் கரிமக் கணக்கா?

துவாஸ் மணி:
நேற்று இங்கே கணக்குப்பிள்ளை என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. காலியாகத் திரும்பும் டிரெய்லரின் புகையை வாடிக்கையாளர் கணக்கில் சேர்க்காத ஹாலியர்கள், அதாவது எங்களைப் போன்ற சரக்கு லாரி நிறுவனத்தார், ஊரை ஏமாற்றுகிறார்களாம்! 22 வருடமாகச் சிங்கப்பூரில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். உமிழ்வை எதை வைத்து எழுதுகிறோம்? டன்-கிலோமீட்டர், அதாவது சரக்கு எத்தனை டன்னோ அதை ஓடிய தூரத்தால் பெருக்குவது. சரக்குப் பெட்டி இல்லையென்றால் டன் பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். இதில் ஏமாற்று எங்கே?

கணக்குப்பிள்ளை:
டன் பூஜ்யம், சரி. டீசலும் பூஜ்யமா அண்ணே? துவாஸிலிருந்து சாங்கிக்கு 20 டன் சரக்கு, 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 16 லிட்டர், காலியாகத் திரும்ப 10. லிட்டருக்கு 2.68 கிலோ கரியமிலவாயு. 26 லிட்டரையும் சேர்த்தால் டன்-கிலோமீட்டருக்கு 87 கிராம். போகும் 16 லிட்டரை மட்டும் எண்ணும் உங்கள் தாளில் 54 என்று இருக்கும். அந்த 10 லிட்டரைக் குடித்தது யார்? போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிட 2023-ல் வந்த சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 14083 காலி ஓட்டத்தையும் சேர்க்கத்தான் சொல்கிறது.

துவாஸ் மணி:
14083 வந்து டிரெய்லரை இழுக்கும் பிரைம் மூவர் வண்டியை ஓட்டுமா தம்பி? திரும்பி வர வேலை கிடைக்கவில்லை, காலியாக வருகிறேன். அது என் குற்றமா? டன் பூஜ்யம்.

ஈசூன் ராஜா:
கரிம வரி 2026-லிருந்து கரியமிலவாயு டன்னுக்கு 45 வெள்ளி. காலி ஓட்டத்தையும் சேர்த்தால் அதுவும் நம் தலையில்தான். மணி அண்ணன் சொல்வது சரி.

லாவண்யா:
ராஜா, அந்த வரி வருடத்துக்கு 25,000 டன்னோ அதற்கு மேலோ நேரடியாக வெளியிடும் ஆலைகளுக்கு. லாரி டீசலுக்கு அது கிடையாது, தனித் தீர்வை இருக்கிறது. 2019-ல் லிட்டருக்கு 20 காசு ஆக்கினார்களே, அது. கணக்குப்பிள்ளை சார், உங்களுக்கும் ஒன்று. நீங்கள் காட்டும் அதே 14083 எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணச் சொல்கிறது. 2.68 என்பது எரியும்போது வருவது மட்டும். கிணறு, சுத்திகரிப்பு எல்லாம் சேர்ந்தால் 3-ஐத் தாண்டும்.

துவாஸ் மணி:
பார்த்தீர்களா! படித்தவர்களுக்குள்ளேயே எண் ஒத்துப்போகவில்லை. என் பூஜ்யம் மட்டும் அசையவில்லை.

கணக்குப்பிள்ளை:
அது ஓர் உதாரணம் அம்மா. 2.68 போட்டாலும் 3 போட்டாலும் விகிதம் அதேதான்.

லாவண்யா:
ஓ, உங்களுக்கு உதாரணம். போன வருடம் மின்சார லாரி பற்றி எழுதியபோது, இங்கே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 0.4 கிலோ கரியமிலவாயு என்றேன். 'ஏறக்குறைய என்றால் எவ்வளவு' என்று மூன்று நாள் துரத்தியது யார்?

கணக்குப்பிள்ளை:
அதை இன்னும் வைத்திருக்கிறீர்களா?

ஜூரோங் டிரைவர்:
ஓட்டுகிறவன் சொல்கிறேன். காலி டிரெய்லர் காற்றில் மிதந்து வராது. வண்டியும் டிரெய்லரும் மட்டுமே பத்து டன்னுக்கு மேல். போன வாரம் பெட்டிகளை வைக்கும் டெப்போ வாசலில் வரிசை, முக்கால் மணி நேரம் நின்றேன், ஏசி ஓடியது. அப்போது டன்னும் பூஜ்யம், கிலோமீட்டரும் பூஜ்யம். டீசல் முள் மட்டும் இறங்கியது.

துவாஸ் மணி:
எஞ்சினை ஓடவிட்டு நிற்பது இந்த ஊரில் குற்றம், தெரியுமா தெரியாதா? உன் முதலாளி யார்?

ஜூரோங் டிரைவர்:
மத்தியானம் இரண்டு மணிக்கு என் கேபினில் வந்து உட்காருங்கள் அண்ணே, அப்புறம் சட்டம் பேசலாம்.

ஈசூன் ராஜா:
ஏசி இல்லாமல் ஓட்டிய காலமும் இருந்தது. இப்போது எல்லாருக்கும் சொகுசு.

ஜூரோங் டிரைவர்:
ராஜா அண்ணே, நீங்கள் ஆபீஸில் உட்கார்ந்து டைப் செய்கிறீர்கள்.

லாவண்யா:
மணி அண்ணே, ஒரே கேள்வி. வாடிக்கையாளருக்கு டீசல் சர்சார்ஜ், அதாவது டீசலுக்கான கூடுதல் கட்டணம், போடும்போது காலி ஓட்டத்தையும் சேர்த்துத்தானே போடுகிறீர்கள்?

துவாஸ் மணி:
அது பணக் கணக்கு, இது புகைக் கணக்கு. இரண்டையும் குழப்பாதே அம்மா. நான் 22 வருடம்…

கணக்குப்பிள்ளை:
டீசல் ஒன்றுதானே அண்ணே?

துவாஸ் மணி:
டன் பூஜ்யம். எத்தனை தடவை எழுதுவது? அப்புறம் அந்த டிரைவர் தம்பி எந்த டெப்போ என்று இன்னும் சொல்லவில்லை.