அம்மாவை டெக்சாஸ் பூக்காலத்துக்கு அழைத்துப் போக எந்த வாரம் சரி?

சிப்புட் மகள்:

வணக்கம். நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட், டவுனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. அம்மா 29 வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை), இப்போது வீட்டில்தான் இருக்கிறார். தம்பி அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் வேலை பார்க்கிறான். போன வருடம் அவன் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பினான், மேடு பள்ளம் எல்லாம் ஒரே நீலப் பூ, அங்கங்கே நடுவில் செம்மஞ்சள். அன்றிலிருந்து அம்மா அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்க்கிறார். "இவ்வளவையும் யார் நட்டது, யார் தண்ணி ஊத்துனது?" என்று கேட்டார், தம்பிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை நேரில் பார்க்கணும் என்று அவர் வாயால் சொன்னது எனக்குப் பெரிய விஷயம், ஏனென்றால் தனக்கென்று எதையும் கேட்டவர் இல்லை.

அதனால் அடுத்த வருடம் அழைத்துப் போகலாம் என்று சேர்த்து வைக்கிறேன். எந்த வாரம் போனால் பூ இருக்கும்? தென் மாநிலம்தானே, குளிர் இருக்காது என்று தம்பி சொல்கிறான், ஆனால் அவனுக்கு 27 வயது, அம்மாவுக்கு 63. முட்டி வலி உண்டு, கொஞ்சம் இழுப்பும் உண்டு. இன்னொன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டில் இருந்தே ஆகவேண்டும் என்கிறார். போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கங்சார் மருமகள்:

தங்கச்சி, நான் கோல கங்சாரிலிருந்து ஹூஸ்டனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 14 வருடம். முதல் வருடம் மாமியார் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரென்ஹாம் பக்கம் போனார், எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு வளைவு திரும்பியதும் அந்த நீலத்தைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், அதனால் உங்கள் அம்மாவின் ஆசை எனக்குப் புரிகிறது.

அந்தப் பூவின் பெயர் புளூபானட். 1901இல் டெக்சாஸ் மாநில மலராக அறிவித்தார்கள், முதலில் ஒரே ஒரு வகையை மட்டும், பிறகு 1971இல் அங்கே முளைக்கும் எல்லா வகையையும் சேர்த்துக்கொண்டார்கள். செம்மஞ்சளாகத் தெரிவது இந்தியன் பெயிண்ட்பிரஷ். ஆஸ்டின், பிரென்ஹாம் பக்கங்களில் மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடு வரைக்கும் நன்றாக இருக்கும். நம் கணக்கில் சொன்னால் பங்குனி மாதம், அதிலும் பின்பாதி. சித்திரை முதல் நாளுக்குள் திரும்பவேண்டும் என்றால் உங்களுக்கு வசதியாகத்தான் அமைகிறது, மார்ச் 23, 24 வாக்கில் இறங்கி ஏப்ரல் 10, 11இல் கிளம்பிவிடலாம். டல்லாஸ் பக்கம் எனிஸ் என்று ஒரு ஊர், பூ பார்க்கவே தனியாக வழி குறித்து வைத்திருக்கிறார்கள், ஆனால் அங்கே வடக்கு என்பதால் கொஞ்சம் பிந்தும், ஏப்ரல் நடுவில்தான் நிறையும். உங்கள் தேதிக்கு அது வேண்டாம்.

மார்ச் நடு வாரங்களில் மட்டும் வராதீர்கள். பள்ளி விடுமுறை ஒரு பக்கம், ஆஸ்டினில் சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற பெரிய விழா இன்னொரு பக்கம், அறை வாடகை கேட்டாலே தலை சுற்றும். தம்பி வீட்டில்தான் தங்குவீர்கள் என்றாலும் வெளியே ஒரு இரவு தங்கப் பார்த்தால் சிரமம். ஈஸ்டர் வார இறுதியும் அப்படித்தான்.

வெயில் பற்றி. பகலில் 22இலிருந்து 27 டிகிரி வரை இருக்கும், நமக்கு அது கேமரன் மலைப் பகல் மாதிரி. ஆனால் திடீரென்று வடக்கிலிருந்து காற்று இறங்கினால் விடியற்காலையில் 10 டிகிரிக்கும் கீழே போகிற நாள்கள் உண்டு. அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் காதை மூடத் துண்டும் கட்டாயம் எடுத்து வையுங்கள். ஏப்ரலில் இடி மழையும் ஆலங்கட்டியும் வரும், சூறாவளி எச்சரிக்கையும் வரும். போனில் அலறல் சத்தத்தோடு அறிவிப்பு வந்தால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், இதைத் தம்பியிடமும் சொல்லி வையுங்கள்.

முட்டி வலிக்கு ஏற்ற இடம் என்றால் ஆஸ்டினிலேயே லேடி பேர்ட் ஜான்சன் காட்டுமலர் மையம். அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் மனைவி 1982இல் தொடங்கியது. பாதைகள் சமமாக இருக்கும், உட்கார இடம் இருக்கும், கழிவறை இருக்கும். முதல் இரண்டு நாள் உடம்பு இந்த ஊர் நேரத்துக்கு வராது, 13 மணி நேர வித்தியாசம், அதனால் தூரமாக எங்கும் போகாமல் அங்கே காலையில் ஒரு இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். அப்புறம் பர்னெட், லேனோ வழியாக ஃபிரெட்ரிக்ஸ்பர்க் வரை ஒரு நாள். அந்த ஊருக்குப் பக்கத்தில் வைல்ட்சீட் ஃபார்ம்ஸ் என்று விதைக்காகவே பூ வளர்க்கும் பண்ணை ஒன்று, அங்கேயும் அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை. வில்லோ சிட்டி லூப் என்று சுமார் 21 கிலோமீட்டர் குறுகலான சுற்றுப் பாதை இருக்கிறது, ரொம்ப அழகு, ஆனால் இரண்டு பக்கமும் தனியார் நிலம், இறங்கி உள்ளே போகக்கூடாது, வண்டியில் மெதுவாகப் போய்க்கொண்டே பார்க்க வேண்டியதுதான். அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹூஸ்டன் பக்கம் வாருங்கள், பேர்லாண்டில் மீனாட்சி கோயில் இருக்கிறது. வரும் வழியில்தான் பிரென்ஹாம்.

பழைய கிராணி:

அம்மா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், நல்ல கேள்வி அது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும்.

நட்டது பாதி இயற்கை, பாதி நெடுஞ்சாலைத் துறை. டெக்சாஸ் சாலைத் துறை ஆண்டுக்குச் சுமார் 30,000 பவுண்டு காட்டுப்பூ விதையைச் சாலையோரங்களில் தூவுகிறது. அதைவிட முக்கியம், பூத்து விதை முற்றும் வரை புல் வெட்டுவதைத் தள்ளி வைக்கிறார்கள். காய் காய்ந்து வெடித்து விதை தானாகச் சிதறும், நம் ரப்பர் காய் வெடிக்கிற மாதிரிதான், சத்தம் மட்டும் சின்னது. தண்ணீர் ஊற்றுவது மழை. ஆனால் அது பூக்கிற மாத மழை இல்லை, அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மழை. அப்போதுதான் விதை முளைக்கிறது, குளிர்காலம் முழுக்கத் தரையோடு தரையாக இலை விரித்து வேர் விட்டுக்கொண்டிருக்கும், வெயில் ஏறியதும் தண்டு எழும்பும். அந்த மூன்று மாதம் மழை பொய்த்தால் அடுத்த பங்குனியில் பூ குறைவாகத்தான் இருக்கும். விதைத் தோல் கடினம் என்பதால் சில விதைகள் மண்ணில் இரண்டு மூன்று வருடம் காத்துக் கிடக்கும், எல்லாம் ஒரே வருடத்தில் முளைத்துத் தீர்ந்துபோவதில்லை.

ஆகவே தங்கை, உங்கள் தம்பியிடம் சொல்லி வரும் அக்டோபர், நவம்பரில் அங்கே மழை எப்படி என்று கவனிக்கச் சொல்லுங்கள். நாம் இங்கே என்ன செய்வோம்? பிப்ரவரியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும் என்று தெரியும், எந்தத் தேதியில் என்று யாராலும் சொல்ல முடியாது. வெயில் எப்படிக் காய்கிறதோ அப்படி. ஒரு வருடம் தீபாவளி மழை இழுத்துக்கொண்டே போய் இலை உதிர மார்ச் ஆனது, தோட்டமே காத்துக் கிடந்தோம். பூவும் அப்படித்தான். இன்ன நாள் இன்ன இடம் என்று இங்கிருந்தே எழுதிக்கொண்டு போகாதீர்கள், போய் இறங்கி, இந்த வாரம் எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று கேட்டு வண்டியைத் திருப்புங்கள்.

இன்னொரு விஷயம், அம்மாவுக்குப் பிடிக்கும். புளூபானட் அவரை, பயறு குடும்பம். வேரில் முடிச்சு இருக்கும், காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். புதுக் கன்று நட்ட காட்டில் வரிசைக்கு நடுவே நாம் படர விடுவோமே கொடி, அதே வேலை. அவர் எத்தனை வருடம் அதை மிதித்து நடந்திருப்பார். சொல்லிப் பாருங்கள்.

லிந்தாங் பையன்:

அக்கா, நான் அங்கே இரண்டு வருடம் படித்தேன். அம்மாவுக்கு நல்ல மூடிய சப்பாத்து வாங்குங்கள், சிலிப்பர் வேண்டாம். பூவுக்குள் உட்கார்ந்து படம் எடுப்பது அங்கே எல்லாக் குடும்பமும் செய்வது, ஆனால் நெருப்பு எறும்புப் புற்று பூவுக்கு அடியில் கண்ணுக்கே தெரியாது, நான் ஒரு தடவை வாங்கிய கடி ஒரு வாரம் கொப்புளமாக நின்றது. வெயில் ஏறினால் கிலுகிலுப்பைப் பாம்பும் வெளியே வரும். ஏற்கெனவே ஆட்கள் உட்கார்ந்து புல் மட்டும் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள், அப்போது பூவும் நசுங்காது. நசுங்கினால் அந்தச் செடி விதை விடாது, ஒரு வருடச் செடிதானே. மாநிலப் பூங்காக்களில் பூ பறிக்கக் கூடாது. அங்கே போவதாக இருந்தால் முன்பதிவு செய்துவிடுங்கள், சனி ஞாயிறில் என்சான்டட் ராக் மாதிரி இடங்கள் நிறைந்து வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். நாங்கள் நான்கு பேர் ஒன்றரை மணி நேரம் ஓட்டிப் போய் அப்படித் திரும்பினோம்.

சிப்புட் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கிராணி ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கொடி விஷயம் வந்ததும் "அட, அந்தக் கொடியா" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது விதை கொண்டுவந்து வீட்டு வாசலில் போடலாமா என்று கேட்கிறார். தம்பிக்குக் கருவேப்பிலை கொண்டுபோக வேண்டுமாம், பின்கட்டு மரத்தில் இப்போதே கிளையைக் குறித்து வைத்திருக்கிறார். அப்புறம் கங்சார் அக்கா, இழுப்பு பற்றி எதுவும் சொல்லவில்லையே.

கங்சார் மருமகள்:

மன்னிச்சுக்கோ தங்கச்சி, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். புளூபானட் மகரந்தம் காற்றில் பறப்பதில்லை, தேனீ சுமந்து போவது, அதனால் பயமில்லை. தொந்தரவு ஓக் மரத்தால்தான். மார்ச் கடைசி, ஏப்ரலில் ஆஸ்டினில் கார் கூரையெல்லாம் மஞ்சள் மாவு தூவிய மாதிரி இருக்கும். எனக்கே மூக்கு அடைத்துக்கொள்ளும். அங்கிருந்து கிளம்பும் முன் மருத்துவரிடம் சொல்லி இன்ஹேலரைக் கூடுதலாக வாங்கி, கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டியில் போடாதீர்கள். காற்று அடிக்கிற நாளில் ஜன்னலை மூடி வையுங்கள், வெளியே போய் வந்தால் குளித்து உடை மாற்றச் சொல்லுங்கள். பயணக் காப்பீடு இல்லாமல் வரவே வேண்டாம், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அது பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள், இங்கே ஒரு இரவு மருத்துவமனை என்றால் நம் வெள்ளி (ரிங்கிட்) கணக்கில் தாங்காது.

கருவேப்பிலை முடியவே முடியாது. எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வரும் என்று பச்சை இலையைத் தடை செய்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் பிடித்தால் குப்பையில் போடுவார்கள், சொல்லாமல் கொண்டுவந்தால் அபராதம். அம்மா மனசு கஷ்டப்படும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரைத்த மசாலா, வறுத்த மிளகாய்த் தூள் கொண்டுவரட்டும், சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பழைய கிராணி:

விதை இங்கே எடுபடாது. குளிர்காலம் வேண்டும், சுண்ணாம்புத் தன்மையுள்ள, நீர் தங்காத மண் வேண்டும். நம் மண் புளிப்பு, மழையும் விடாது, முளைத்தாலும் அழுகிப்போகும். மேலும் வெளிநாட்டு விதைக்கு விவசாய இலாகா அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. அம்மாவுக்கு வாசலில் பூமரம் வேண்டும் என்றால் தெக்கோமா ஒரு கன்று நடுங்கள், நல்ல வெயில் காய்ந்த பிறகு மார்ச், ஏப்ரலில் இலையெல்லாம் உதிர்ந்து மரமே இளஞ்சிவப்பாக நிற்கும். ஈப்போ ரோட்டில் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் பூக்கத் தொடங்கும்.

சிப்புட் மகள்:

சரி ஐயா, கன்று வாங்கி நடுகிறேன். கருவேப்பிலையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு பொடியாக இடித்துக் கொடுத்தால் விடுவார்களா என்று கேட்கிறார், அக்கா அதையும் சொல்லுங்கள். விசா நேர்காணலுக்குத்தான் முதலில் கோலாலம்பூர் போகவேண்டும், அது கிடைக்காமல் டிக்கெட் எடுப்பதாக இல்லை. கிடைத்தால் மார்ச் 24 போய் ஏப்ரல் 11 திரும்புவது என்று முடிவு செய்துவிட்டோம். தம்பி அக்டோபரிலிருந்து மழை பெய்கிற நாளையெல்லாம் நாட்காட்டியில் குறித்து அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.