புதுப்பிப்பு: தண்ணீர் புகுந்த கேமரா, காரணம் தெரிந்துவிட்டது

புதுச்சேரியில் டைவ் போனபோது ஹவுசிங்குக்குள், அதாவது கேமராவைத் தண்ணீருக்கடியில் கொண்டுபோக உதவும் நீர்புகாப் பெட்டிக்குள், கடல்நீர் ஏறிவிட்டது, என்ன செய்வது என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

காரணம் ஒரே ஒரு தலைமுடி. காசிமேட்டில் வீட்டு மொட்டைமாடியில் ஓ-ரிங்கை, அதாவது ஹவுசிங் மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், கறுப்பு ரப்பரின் மேல் குறுக்காக மெல்லிய தடம், அது உட்காரும் பள்ளத்தில் இரண்டு மணல் துகள், அவ்வளவுதான். ஆழம் போகப் போக அழுத்தம் மூடியை இன்னும் இறுக்கத்தான் செய்யும், அதனால் இறங்கிய முதல் ஓரிரு மீட்டரிலும் படகில் இருக்கும் கழுவும் தொட்டியிலும்தான் அதிகம் ஒழுகுகிறது. எனக்கும் அப்படித்தான்.

கேமரா பிழைக்கவில்லை. பேட்டரியை உடனே கழற்றி, கேமராவை நல்ல தண்ணீரில் அலசியும் உப்பு உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை அரித்துவிட்டது, ரொம்ப வருத்தம். மெமரி கார்டு மட்டும் தப்பியது, படங்கள் எல்லாம் இருக்கின்றன.

நான் ரிங்கில் கிரீஸை அப்பி வைத்ததும் தப்பு. துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கும் அண்ணன் ரிங்கைத் தொட்டுப் பார்த்ததுமே, "கிரீஸ் தண்ணியத் தடுக்காதுப்பா, ரப்பர்தான் தடுக்கும்" என்றார். விரலில் லேசாகப் பளபளப்புத் தெரிந்தால் போதும், கூடினால் மணலும் முடியும்தான் ஒட்டும்.

இப்போது புது ஹவுசிங்கில் வேக்குவம் வால்வு போட்டிருக்கிறேன். முந்தின நாள் ராத்திரியே வீட்டில் மூடி, காற்றை உறிஞ்சி, அரை மணி நேரம், ஒழுக்கு இல்லை என்று காட்டும் பச்சை விளக்கு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையில் வைக்கிறேன்.