கண்ணாடிப் பளபளப்பும் கம்பெனிக் கோடும்: பழைய வண்டிகளின் அலாய் பாகங்களில் அசல் மெருகை மீட்ட அனுபவங்கள்

நான்குகுழல்:

எழுபதுகளின் ஜப்பானிய நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் வந்தபோது அதன் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக இருந்தன. இடப்பக்க அலுமினிய எஞ்சின் கவர்களை முந்தைய உரிமையாளர் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து, முகம் பார்த்து மீசை திருத்தலாம் என்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். விளிம்புகள் மழுங்கிவிட்டன. வார்ப்பில் எடுப்பாக நிற்க வேண்டிய எழுத்துகள் கரைந்த சோப்புக்கட்டியின் எழுத்துபோலத் தேய்ந்திருந்தன. வலப்பக்கத்தில் யாரும் கை வைக்கவில்லை. அங்கே பழுப்பேறிய லாக்கர் (கம்பெனி பூசிய நிறமற்ற காப்புப் பூச்சு), அதன் அடியில் வெள்ளையாக நூலோடிய அரிப்பு. வண்டியைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் இடப்பக்கத்தைத்தான் புகழ்ந்தார்கள். எனக்கு உதவியது வலப்பக்கம்.

கம்பெனியிலிருந்து வந்த மெருகுக்கு அதுதான் சாட்சி. கியர் லீவரோ கிக்கரோ மறைத்திருந்த இடம், பெயர்த் தகட்டின் அடி, வாஷர் மூடியிருந்த வட்டம் என்று எங்கெல்லாம் வெளிச்சமும் துணியும் படவில்லையோ, அங்கெல்லாம் அசல் கோடுகள், அதாவது கம்பெனியில் பரப்பைத் தேய்த்து மெருகேற்றியபோது விழுந்த மெல்லிய கோடுகள், அப்படியே இருக்கும். என் கவரில் அவை முன்னிருந்து பின்னாக, நீளவாக்கில், குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லாமல் இணையாக ஓடின. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து அவற்றை நெருக்கமாகப் படம் எடுத்த பிறகுதான் கழுவவே ஆரம்பித்தேன். இதைச் செய்யாமல் லாக்கரைக் கரைத்துவிட்டால், அசல் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை.

அந்த நூலரிப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லாக்கரில் எங்கோ ஒரு கல் பட்டுக் கீறல் விழுகிறது. ஈரமும் உப்பும் அதன் வழியாக உள்ளே போகின்றன. அரிப்பின் தலை லாக்கருக்கு அடியிலேயே முன்னேறிக்கொண்டு போகிறது. பின்னால் வெள்ளைப் பொடி மட்டும் மிஞ்சுகிறது. மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அது அசையாது, ஏனென்றால் பாலிஷ் படுவது லாக்கரின்மேல்தான். ஆகவே முதலில் லாக்கர் முழுவதும் வெளியே வர வேண்டும். பெயின்ட் ரிமூவரைத் தடவி, ஊறவிட்டு, மரச்சில்லால் வழித்தேன். இரும்புச் சுரண்டி வேண்டாம்.

பிறகு உப்புத்தாள். குழி ஆழமாக இருந்தால் 240-ஆம் எண் தாளில் தொடங்க வேண்டும் (எண் கூடக்கூடத் தாள் மென்மை). இல்லையென்றால் 320 போதும், அதன்பின் 400. ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளின் கோட்டுக்குக் குறுக்காக ஓட்டினால், பழைய கோடு மறைந்துவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். கடைசித் தாள் மட்டும் கம்பெனிக் கோட்டின் திசையில். அதற்குமேல் மெரூன் நிற ஸ்காட்ச்-பிரைட் என்கிற தேய்ப்பு நார்ப்பட்டை, 3எம் நிறுவனத்தின் 7447. அதைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, கவரின் ஒரு முனைக்கு வெளியே தொடங்கி மறுமுனைக்கு வெளியே முடிக்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்க்கக் கூடாது. கை நடுவில் நின்றால் அந்த இடத்தில் கோடு கொக்கி போட்டுவிடும். விரலால் அழுத்தித் தேய்த்தாலும் மேடு பள்ளம் விழும். மண்ணெண்ணெய் எதற்கு என்றால், அலுமினியம் மென்மையானது. உலர்வாகத் தேய்த்தால் அதன் துகள் தாளில் அடைத்துக்கொண்டு, திரும்ப அதே பரப்பையே கீறும்.

லேத்காரன்:

நண்பர் நேர்க்கோட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்கு இது பொருந்தாது. ஹப் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) கடையப்பட்ட பொருள், அதன் கோடுகள் வட்டமாகத்தான் இருக்கும். அதில் நேராகத் தேய்த்துவைத்திருப்பதைப் பார்த்தாலே வண்டியின் வரலாறு பாதி தெரிந்துவிடும். நான் சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸிலோடு ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறு கையால் பட்டையாக வெட்டிய ஸ்காட்ச்-பிரைட்டை ஆரைகளுக்கு வெளிப்புறமாகப் பிடிப்பேன். ஆரை கட்டாத ஹப் கையில் இருந்தால் லேத்திலேயே மாட்டிவிடலாம், அதைவிடச் சுகம் வேறு இல்லை. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைக் கியரில் ஓடவிட்டுப் பின்சக்கரத்தில் கை வைக்கிற வீடியோக்கள் சுற்றுகின்றன. ஆரைக்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவில் விரல் போனால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இரும்புக் கம்பளி வேண்டாம், இரும்புக் கம்பி பிரஷும் வேண்டாம். உடைந்த இரும்புத் துணுக்குகள் அலுமினியத்தில் பதிந்துகொண்டு, முதல் மழைக்கே துருப்புள்ளிகளாக வெளிவரும்.

கவரைக் கழற்றும்போதே ஒரு வார்த்தை: பழைய ஜப்பானிய வண்டிகளின் கூட்டல்குறி ஸ்க்ரூ, பிலிப்ஸ் ஸ்க்ரூ அல்ல. அது ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) வகை. பிலிப்ஸ் முனை அதில் வழுக்கி ஏறித் தலையைத் தின்றுவிடும். பழைய வண்டிகளின் சிதைந்த ஸ்க்ரூத் தலைகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவைதான்.

ஈரத்தாள்:

அடுப்பு சுத்தம் செய்யும் காஸ்டிக் திரவத்தால் லாக்கரும் அழுக்கும் நொடியில் போகிறது என்று பலர் எழுதுகிறார்கள். போகிறது, கூடவே அலுமினியமும் போகிறது. என் அண்ணன் ஒரு ஃபோர்க் காலை அப்படி ஊறவைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அது கருப்பாக இருந்தது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும். வார்ப்பில் உள்ள சிலிக்கானும் செம்பும் கரையாமல் மேலே கருப்புப் படிவாக நிற்கும். தேய்த்து எடுத்துவிடலாம்தான், ஆனால் பரப்பு சொரசொரத்துவிட்டதால் மறுபடி உப்புத்தாளில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ரிம்மோ லீவரோ அனோடைஸ் (மின்சாரத்தால் ஆக்ஸைடு பூச்சு ஏற்றுவது) செய்ததாக இருந்தால் இன்னும் மோசம், அந்தப் பூச்சே போய்விடும்.

மெருகு போட்ட கவரை அனோடைஸ் செய்து காப்பாற்றலாமே என்று கேட்பவர்களுக்கும் அதே சிலிக்கான்தான் பதில். டை-காஸ்ட் (அச்சில் அழுத்தி வார்த்த) எஞ்சின் கவர்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஏடிசி12 அலுமினியக் கலவையில் அது ஏறக்குறைய 10–12 சதவீதம். அனோடைஸ் தொட்டியிலிருந்து வெளியே வரும்போது வெள்ளி நிறம் இருக்காது, திட்டுத்திட்டான அழுக்குச் சாம்பல்தான் இருக்கும்.

கமாண்டோப் பிரியன்:

ஆங்கில வண்டிக்காரர்களுக்காக ஒரு வரி. அமல் கார்புரேட்டரின் உடல் அலுமினியம் அல்ல, துத்தநாகக் கலவை. அதைக் கவரோடு சேர்த்துத் தேய்த்து ஒரே நிறத்துக்குக் கொண்டுவர முயலாதீர்கள், எவ்வளவு தேய்த்தாலும் நீலம் கலந்த சாம்பலாகவே நிற்கும். ரேஸ் வண்டிகளின் சில பாகங்கள் மெக்னீசியம்; அதன் தூள் தீப்பிடிக்கும். மறைவான இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் மெக்னீசியம். அலுமினியத் தூளையும் இலேசாக எண்ண வேண்டாம். இரும்பு தேய்க்கிற பெல்ட் கிரைண்டரில் அலுமினியத்தைத் தேய்த்தால் இரண்டின் தூளும் ஒரே இடத்தில் குவியும், ஒரு பொறி போதும்.

மற்றபடி, எல்லாரும் பஃபிங்கைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நார்டன், டிரையம்ப் வண்டிகளின் பல கவர்கள் கம்பெனியிலேயே பளபளப்பாக வந்தவை. அவற்றில் கோடு போடுவதும் பொய்தான்.

நான்குகுழல்:

ஒப்புக்கொள்கிறேன். சாட்சி என்ன சொல்கிறதோ அதுதான், பளபளப்பு என்றால் பளபளப்பு. ஈர பிளாஸ்டிங் (தண்ணீரோடு நுண்மணிகளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கும் இதே பதில். சிலிண்டர் தலைக்கும் கிராங்க் கேஸுக்கும் அது அழகாக வரும், சீரான பட்டுமங்கல். ஆனால் அதில் கோடு கிடையாது, ஆகவே கோடு போட்டு வந்த கவருக்கு அது ஆகாது. உலர்ந்த கண்ணாடி மணி பிளாஸ்டிங் செய்தால் எண்ணெய் வழிகளையும் ஸ்க்ரூத் துளைகளையும் அடைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். உள்ளே தங்கும் மணிகள் எண்ணெயோடு பேரிங்குக்குப் போகும்.

ஈரத்தாள்:

கடைசியில் மேலே என்ன பூசினீர்கள்?

நான்குகுழல்:

லாக்கர் பூசவில்லை. அசல் வேண்டும் என்றால் பூசத்தான் வேண்டும், போட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் பூசட்டும். ஆனால் அடுத்த கல் பட்டதும் அதே நூல் மறுபடி ஓடத் தொடங்கும் என்பதால் எனக்கு மனம் வரவில்லை. வெந்நீரும் சோப்பும் போட்டு மண்ணெண்ணெயைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கார்னாபா மெழுகை மெல்லியதாகத் தடவி, கோட்டின் திசையிலேயே துடைத்தேன். மங்கினால் மெரூனைவிட மென்மையான சாம்பல் ஸ்காட்ச்-பிரைட்டை ஒருமுறை ஓட்டி, மறுபடி மெழுகு.

லேத்காரன்:

கிளட்ச் கவரில் மெழுகு நிற்கிறதா? எஞ்சின் சூட்டில் எனக்கு நிற்பதில்லை.

நான்குகுழல்:

ஹப்பில் நிற்கிற அளவுக்கு நிற்பதில்லை. மழைக்காலத்தில் அடிக்கடி தடவுகிறேன்.